ஃபோர்டு காரும் கெடா பால் மரமும்

1920ஆம் ஆண்டுகளின் ஒரு விடியற்காலை. கெடா, பீடோங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பெரட்டு முடிந்து, பால் வெட்டுத் தொழிலாளி தம் நிரைக்குள் நுழைகிறார். அந்நேரம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் முந்தைய நாளின் மாலைப் பொழுது. அங்கே ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி, காலையிலிருந்து முடுக்கிய அதே திருகாணியை மீண்டும் ஒரு முறை முடுக்குகிறார்.

இவருக்கு அவரைத் தெரியாது. அவருக்கு இவரைத் தெரியாது. ஆனால், இவர் மங்கில் சேர்த்த பால் ஷீட்டாகி, கப்பலேறி, டயராகி அவர் பொருத்தும் காரில் மாட்டப்படுகிறது. அந்தக் கார் எவ்வளவு வேகமாகத் தயாராகிறதோ, அவ்வளவுக்கு இங்கே காடு அழிந்து தோட்டமாகிறது.

இருவரும் ஒரே காருக்காக உழைத்தவர்கள்தாம். ஆனால் அவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர், இவருக்கு 50 காசு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கார் தயாரிப்பையே தலைகீழாக மாற்றிய ‘அசெம்ப்ளி லைன்’, அதாவது நகரும் பொருத்து வரிசையின் கதையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பணக்காரரின் பொம்மை

கார் தோன்றிய காலத்தில் அது சாதாரண மக்களுக்கான பொருளே அல்ல. கைதேர்ந்த தொழிலாளர்கள் சிலர் ஒரு காரைச் சுற்றி நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை அவர்களே செய்து முடிப்பார்கள். ஒரு பாகம் பொருந்தாவிட்டால் அரத்தால் அராவிச் சரிசெய்து மாட்டுவார்கள். ஒரு காரின் பாகம் அடுத்த காருக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. நல்ல தச்சர் செய்த அலமாரியைப் போல ஒவ்வொரு காரும் தனித்தனி. அதற்கேற்ப விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது.

இந்த நிலை படிப்படியாக மாறியது. 1901ஆம் ஆண்டு வாக்கில் ரேன்சம் ஓல்ட்ஸ் என்பவர் தம் தொழிற்சாலையில் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வண்டியை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டு செல்லும் முறையைக் கையாண்டார். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் ஒரு சோதனை நடந்தது. மூன்று கேடிலாக் கார்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, பாகங்களைக் கலந்து குவித்து, அந்தக் குவியலிலிருந்தே மீண்டும் மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தும் அளவுக்குத் துல்லியமாகச் செய்ய முடியும் என்பது அன்று நிரூபணமானது.

அதே 1908ஆம் ஆண்டு அக்டோபரில் ஹென்றி ஃபோர்டு தமது ‘மாடல் டி’ காரை வெளியிட்டார். இருவர் அமரும் வண்டியின் விலை 825 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளி வாங்க நினைத்தால் ஓராண்டுச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

ஆள் நிற்க, வண்டி நகர்ந்தது

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அன்னதானப் பொட்டலம் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவரே இலை எடுத்து, சோறு வைத்து, கறி வைத்து, மடித்து, கட்டிவிட்டு அடுத்த பொட்டலத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துவிடும். அதையே வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் இலை போட, ஒருவர் சோறு வைக்க, ஒருவர் கறி வைக்க, ஒருவர் மடித்துக் கட்டினால் வேலை சட்டென்று முடிந்துவிடுகிறது. யாரும் எழுந்து நடக்க வேண்டியதில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கையும் பழகிவிடுகிறது.

இந்த வேலைப் பிரிவினை உலகத்துக்குப் பழையது. சிகாகோ நகரின் இறைச்சிக் கூடங்களில் மாட்டைக் கொக்கியில் மாட்டி நகர்த்த, வரிசையாக நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டி எடுக்கும் முறையும் ஏற்கெனவே இருந்தது. அங்கே பிரிப்பதற்குப் பயன்பட்ட முறையைச் சேர்ப்பதற்குப் பயன்படுத்தினால் என்ன என்பதே ஃபோர்டு பொறியாளர்களின் யோசனை.

1913ஆம் ஆண்டு ஏப்ரலில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் முதல் முயற்சி நடந்தது. இன்ஜினுக்கு மின்பொறி தரும் மேக்னட்டோ என்ற பாகத்தை அதுவரை ஒருவரே உட்கார்ந்து பூட்டுவார். ஒன்றுக்கு 20 நிமிடம் ஆகும். அந்த வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து, ஆட்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒன்றுக்குச் செலவான உழைப்பு 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. பிறகு, குனியத் தேவையில்லாதபடி மேடையை உயர்த்தியதும் அது 7 நிமிடமானது. பொருள் தானாக நகர்ந்து வரும்படி அமைத்து வேகத்தைச் சரிசெய்ததும் 5 நிமிடமானது.

அதே ஆண்டு காரின் அடிச்சட்டத்தையும் இவ்வாறே பூட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒரு கயிற்றைக் கட்டி, சட்டத்தைத் தரையில் இழுத்தார்கள். வழியில் குவித்து வைத்திருந்த பாகங்களை எடுத்து மாட்டிக்கொண்டே ஆட்கள் கூட நடந்தார்கள். அதுவரை பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை 5 மணி 50 நிமிடத்தில் முடிந்தது. பின்னர் ஆட்களை ஓரிடத்தில் நிறுத்தி, சங்கிலியால் இழுபடும் வரிசையில் சட்டத்தை அவர்களிடம் வரச் செய்தார்கள். 1914ஆம் ஆண்டில் அதே வேலைக்குத் தேவைப்பட்ட நேரம் 93 நிமிடம்.

இங்கே நடந்த உண்மையான மாற்றம் எது? வேலையைப் பிரித்தது மட்டுமல்ல. அன்னதான வரிசையில் கை வலித்தால் சற்று நிறுத்தலாம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம், ‘மெதுவா தள்ளுங்க’ என்று சொல்லலாம். ஃபோர்டு தொழிற்சாலையில் சங்கிலி நிற்காது. வேலையின் வேகத்தை முடிவு செய்யும் உரிமை தொழிலாளியின் கையிலிருந்து சங்கிலிக்கு, அதாவது சங்கிலியை இயக்கும் முதலாளிக்குப் போய்விட்டது. 1936இல் வெளிவந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் திருகாணி முடுக்கியே பித்துப் பிடிக்கும் தொழிலாளியாகச் சார்லி சாப்ளின் நடித்துச் சிரிக்க வைத்தது இந்த நிலையைத்தான்.

பலன் என்னவோ பிரமாண்டமானது. 1909இல் சுமார் 10,000 கார்களைச் செய்த நிறுவனம், 1923ஆம் ஆண்டில் 18 லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் செய்தது. 825 டாலர் விற்ற வண்டி 1925இல் 260 டாலருக்கு வந்தது. 1927இல் மாடல் டி உற்பத்தி முடிவுக்கு வந்தபோது ஒன்றரைக் கோடி கார்கள் வெளியாகியிருந்தன.

சங்கிலிக்குக் கட்டுப்படாத மரம்

ஒவ்வொரு காருக்கும் நான்கு டயர், நான்கு டியூப். அந்தக் காலத்து டயர்கள் சில ஆயிரம் மைல் ஓடினாலே தேய்ந்துபோகும். ஆகவே புதிய காருக்கும் ரப்பர் வேண்டும், பழைய காருக்கும் ரப்பர் வேண்டும். டெட்ராய்ட்டில் 12 மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியபோது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டிய பொறுப்பு பால் மரத்தின் மீது விழுந்தது.

ஆனால் மரம் சங்கிலிக்குக் கட்டுப்படாது. கன்று நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருந்தால்தான் பால் வெட்டலாம். குளிர்ந்த விடியற்பொழுதில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும்; அப்போது வெட்டினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிவது குறையும். மழை பெய்தால் அன்றைய வெட்டே இல்லை. வெட்டும் கத்தி மேலோட்டமாகப் பட்டால் பால் வராது. ஆழமாகப் பட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். அரிசி மணியளவு ஆழத்தைக் கையுணர்வால் மட்டுமே அறிய வேண்டும்.

காரை மனிதரிடம் வரச் செய்யலாம். மரத்தை வரச் செய்ய முடியுமா? பால் வெட்டுக்காரர்தான் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களிடம் நடந்து போக வேண்டும். வெட்டி முடித்ததும் மீண்டும் அதே வழியில் நடந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கி வந்து நிறுவையில் வைக்க வேண்டும். இந்த வேலையை விரைவுபடுத்த எந்தப் பொறியாளராலும் முடியவில்லை. எனவே ரப்பரை அதிகப்படுத்த ஒரே வழிதான் இருந்தது: அதிக நிலம், அதிக மரம், அதிக ஆட்கள்.

கெடாவின் கதை இங்கேதான் நுழைகிறது. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் ஹென்றி ரிட்லி வகுத்துத் தந்தார். 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா மாநிலம் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1910இல், லண்டன் சந்தையில் ரப்பர் விலை பவுண்டு ஒன்றுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. தென்கெடாவின் கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் மளமளவென்று அழிந்து தோட்டங்களாயின. 1918இல் ரயில் பாதை கெடாவைக் கடந்து சயாம் எல்லை வரை நீண்டது.

ஆட்களுக்கு? கங்காணிமார் தமிழகக் கிராமங்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் காத்திருந்து, பிறகு கெடாவின் லயங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பஞ்சமும் சாதிக் கொடுமையும் அவர்களைப் பின்னாலிருந்து தள்ளின. முன்னாலிருந்து இழுத்தது, அவர்கள் கண்ணால் கண்டிராத டெட்ராய்ட்டின் சங்கிலி.

5 டாலர் ஏன் கொடுத்தார்?

இப்போது சம்பளக் கேள்விக்கு வருவோம்.

பொருத்து வரிசை வந்த 1913ஆம் ஆண்டில் ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. செக்குமாட்டு வேலையைப் பொறுக்க முடியாமல் தொழிலாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்தில், அந்த எண்ணிக்கையை நிரப்பி வைத்திருக்க ஓராண்டில் 50,000க்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் வரிசை தடுமாறும். ஒருவர் வராவிட்டால் மொத்த வரிசையும் பாதிக்கப்படும்.

இதற்கு ஃபோர்டு கண்ட மருந்துதான் 1914ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அறிவித்த 5 டாலர் தினக்கூலி. அதுவரை இருந்தது 2 டாலர் 34 காசு. வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது. மறுநாள் முதல் தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் வேலை கேட்டுக் குவிந்தார்கள்.

இதை வள்ளல் தன்மை என்று சொல்வதற்கில்லை. 5 டாலரில் ஏறக்குறைய பாதி, இலாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து, குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணம் சேமிக்கிறாரா என்று விசாரித்தார்கள். பெண் தொழிலாளர்களுக்கு இந்தக் கூலி தொடக்கத்தில் கிடைக்கவில்லை. என்றாலும் 1919இல் அது 6 டாலர் ஆனது. 1926இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற நிலையும் வந்தது.

மலாயாவிலோ, 1920களின் இறுதியில் சில முக்கிய வட்டாரங்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அன்றைய நாணய மாற்றுப்படி 50 காசு என்பது ஏறக்குறைய 28 அமெரிக்க காசு. ஃபோர்டு தொழிலாளியின் ஒரு நாள் கூலி, இங்கே 21 நாள் கூலிக்குச் சமம். அமெரிக்காவில் விலைவாசி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள்: 260 டாலர் காரை டெட்ராய்ட் தொழிலாளி 43 நாள் சம்பளத்தில் வாங்கலாம். அந்தக் காருக்கு ரப்பர் தந்த தோட்டத் தொழிலாளி சோறு தண்ணீர் இல்லாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும்.

திறமைக்குத்தான் கூலி என்று சொல்வது வழக்கம். இங்கே அந்த வாதம் எடுபடாது. பொருத்து வரிசையில் நிற்பவர் தம் வேலையைச் சில நாளில், சமயத்தில் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பால் வெட்டோ பழகப் பழக வரும் கைவேலை. திறமை தேவையில்லாத வேலைக்கு 6 டாலர். திறமை தேவைப்பட்ட வேலைக்கு 50 காசு!

அப்படியானால் காரணம் என்ன? டெட்ராய்ட் தொழிலாளி வேலை பிடிக்கவில்லை என்றால் வெளியேறி அடுத்த தெருவில் உள்ள இன்னொரு தொழிற்சாலைக்குப் போக முடிந்தது. அவர் போய்விடுவார் என்ற பயம்தான் ஃபோர்டைக் கூலியை உயர்த்தச் செய்தது. தோட்டத் தொழிலாளியால் எங்கே போக முடியும்? குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளை படிக்கும் பள்ளி, குழந்தையை விடும் ஆயாக் கொட்டகை, மருந்து வாங்கும் டிஸ்பென்சரி, கும்பிடும் கோயில் இருக்கும் நிலம், மாலையில் கூலியை விழுங்கும் கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்துக்குள். கங்காணியிடமும் கடையிலும் கடன் வேறு. வேலையை விட்டால் அன்றே வீடும் போகும். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் அதே 50 காசுதான். போக வழியில்லாதவரின் கூலியை உயர்த்த வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

அங்கே சங்கிலி நின்றால் இங்கே உலை நின்றது

விலை இறங்கும்போது இந்தக் கட்டு இன்னும் இறுகியது. முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை சரிந்ததும், 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் வழி பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியது. இது அமெரிக்கர்களுக்குப் பொறுக்கவில்லை. ஃபோர்டின் நண்பரும் டயர் தயாரிப்பாளருமான ஃபயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தோட்டம் போட்டார். ஃபோர்டு பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் ‘ஃபோர்ட்லாண்டியா’ என்ற ஊரையே உருவாக்கினார். டெட்ராய்ட் பாணியில் மணியடித்து ஆட்களை வேலைக்கு விரட்டியும், நெருக்கமாக நட்ட மரங்களை இலை நோய் தாக்கி அழித்துவிட்டது. 1945இல் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. காரைச் செய்தது போல ரப்பரைச் செய்ய முடியாது என்பதை உலகின் பெரிய கார் முதலாளி பெரும் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டார்.

1929இல் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் தாக்கியது. அந்த ஆண்டு 53 லட்சம் வாகனங்களைச் செய்த அமெரிக்கா, 1932இல் சுமார் 13 லட்சம் வாகனங்களையே செய்தது. ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. மலாயாவில் 50 காசு கூலி 40 காசாகி, அதற்கும் கீழே இறங்கியது. வேலையில்லாமல் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். விலை ஏறியபோது இலாபம் லண்டனுக்குப் போனது. இறங்கியபோது நட்டம் லயத்துக்கு வந்தது.

இரு முனையிலும் எழுந்த குரல்

இரண்டு இடத்திலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1932ஆம் ஆண்டு மார்ச்சில் வேலை இழந்த ஃபோர்டு தொழிலாளர்கள் ஊர்வலமாகச் சென்றபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கடும் போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் ஃபோர்டு நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்தது.

கெடாவில் 1946ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்க ரப்பர் நிறுவனத்தின் வசம் இருந்த பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அதன் முதல் எதிரி கள்ளுக்கடை. கூலியையும் மானத்தையும் ஒருசேரக் குடிக்கும் கள்ளை ஒழிக்காமல் தொழிலாளி தலைநிமிர முடியாது என்று இளைஞர்கள் தோட்டந்தோறும் திரண்டார்கள். கள்ளுக்கடை மறியல் கூலிப் போராட்டமாகவும் வளர்ந்தது. 1947இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாருடன் மோதல்கள் மூண்டன. கைதுகளும் உயிரிழப்பும் நேர்ந்தன. படை அடக்கப்பட்டது. ஆனால், துரையைக் கண்டால் ஒதுங்கி நின்ற காலம் அதோடு முடிந்தது.

1954இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட வேளையில், துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் அது முதலில் வாங்கிய தோட்டம், கெடாவின் புக்கிட் சிடிம். வெட்டிய மரம் வெட்டியவருக்கே சொந்தமாகும் என்பதை அது காட்டியது.

லயத்திலிருந்து லைனுக்கு

டெட்ராய்ட்டின் சங்கிலி மெல்ல மெல்ல நம் பக்கமும் வந்தது. 1941இல் சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனம் பொருத்துத் தொழிற்சாலையைக் கட்டி முடித்தது. மறு ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், அந்தக் கட்டடத்தில்தான் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். மலேசியாவின் முதல் கார் பொருத்துத் தொழிற்சாலை 1967இல் ஷா ஆலமில் இயங்கத் தொடங்கியது. 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது.

கெடாவில் கூலிம் வட்டாரத்தில் இனோகோம் தொழிற்சாலை வந்தது. குரூணில் மொடேனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்து, 1996இல் ‘கிரிஸ்’ மோட்டாரை வெளியிட்டது. நாசா குழுமம் அங்கே அமைத்த கார் தொழிற்சாலை பின்னர் ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டது. அதே காலத்தில் பால் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். தாத்தா குடியிருந்ததும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த லயம். பேரப்பிள்ளை நிற்பதும் லைன்!

இந்தப் பிள்ளைகளுக்கு 1914ஆம் ஆண்டுக் கதையால் என்ன பயன்? இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, வரிசையை நிறுத்தும் உரிமை. ஃபோர்டு முறையில் சங்கிலியை நிறுத்துவது குற்றம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இதை மாற்றியது. தவறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் பக்கத்தில் உள்ள கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். தேவையானால் வரிசையே நிற்கும். வேலை செய்பவருக்கும் மூளை உண்டு என்று ஏற்றுக்கொண்டதால் பழுதான கார்கள் குறைந்தன. அமெரிக்க நிறுவனங்களே அந்த முறையைப் பின்னர் கற்றுக்கொண்டன.

இரண்டாவது, வெளியேறும் வலிமை. 2013இல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது, 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. சட்டம் ஒரு தரையைப் போட்டுத் தருகிறது. அந்தத் தரையிலிருந்து மேலே ஏறுவதற்கு, தொழிலாளி தம்மோடு எடுத்துச் செல்லக்கூடிய கைத்தொழில் வேண்டும். திருகாணி முடுக்கும் வேலையை இன்று ரோபோக்கள் செய்கின்றன. அந்த ரோபோவுக்கு நிரல் எழுதவும், பழுது பார்க்கவும், மின்சாரக் காரின் பேட்டரியைக் கையாளவும் தெரிந்தவரை எந்த முதலாளியும் எளிதில் இழக்க விரும்புவதில்லை. ஒரு வாசல் மூடினால் அவருக்கு மறு வாசல் உண்டு.

அதற்கான கதவுகள் கெடாவிலேயே இருக்கின்றன. கூலிம் பூங்காவுக்குள்ளேயே துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக் இருக்கிறது. தொண்டர் படை எழுந்த அதே பீடோங் பக்கத்தில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த கையோடு மாதச் சம்பளத்துக்காக ஆப்பரேட்டர் வேலையில் சேர்ந்து, அங்கேயே நின்றுவிடும் பிள்ளையிடம் பெற்றோர் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்: வேலைக்குப் போவது தவறில்லை. ஆனால், அந்த வேலையை விட்டுவிட்டு இதைவிட நல்ல வேலைக்குப் போகும் தகுதியை மாலை வகுப்பிலாவது தேடிக்கொள்.

டெட்ராய்ட் தொழிலாளியின் கூலியை உயர்த்தியது ஃபோர்டின் மனம் அல்ல. வேறு இடம் பார்த்துப் போக முடிந்த அவருடைய கால்கள். கெடா லயத்தில் இருந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அது அடைபடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை, சமூகத்தின் கடமையும் ஆகும்.